எப்போதும் போல வையுங்கள் என்றார்கள்

மகளுக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து போன் செய்தார். என்னிடம் அவர் பேசுவது எப்போதும் இரண்டே பேச்சுதான். சாப்பிட்டீங்களா அத்தை, மாத்திரை போட்டீங்களா அத்தை. அன்றைக்கு மூன்றாவதாக ஒன்று சொன்னார்.

“ஏனுங்க அத்தை, நம்ம ஊட்டுக்கு எதுத்தாப்புல பேக்கரி மாடி மேல டவர் இருக்குதுல்லங்க. அதுல இருந்து ரேடியேசன் எவ்வளவு ஊட்டுக்குள்ள வருதுன்னு அளந்து பாத்துரலாமுங்க. காலேஜ்ல பாடம் நடத்தற மேடம் ஒருத்தங்க அதுக்குன்னே மிஷின் வெச்சிருக்காங்க. அளவு சரியா இருந்துச்சுன்னா ஏழாம் மாசம் நானே இவளைக் கொண்டாந்து விட்டர்றேனுங்க.”

சரியாக இல்லாவிட்டால் என்ன என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. “சரீங் மாப்ள” என்று மட்டும் சொன்னேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஐந்தாவது வரைக்கும் படித்தேன். அதற்குப் பிறகு வீடு, அடுப்பு, வீட்டுக்காரர், மகள். வெளி மனிதர்களிடம் பேச வேண்டி வந்தால் இன்றைக்கும் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவேன்.

மகளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். நடுவில் இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. இந்தத் தடவை தங்கியதும் அவள் தரையில் கால் வைக்கவே பயந்தாள். மாதுளம்பழத்தை மூன்று தண்ணீரில் கழுவுவாள். யார் எது அனுப்பினாலும் பார்ப்பாள். டவர் பக்கத்தில் குடியிருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எங்கள் மதுக்கரை வீடு என்றாலே அவள் கண்ணுக்கு முன்னால் டவர்தான் வந்து நின்றது. அவள் அந்த வீட்டில் இருந்தவரைக்கும் பேக்கரியும் இல்லை, மாடியும் இல்லை. அவள் கல்யாணமாகிப் போன பிறகுதான் எல்லாம் வந்தன.

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். எனக்கு அவள் ஒரே பிள்ளை. வீட்டுக்காரர் தவறி ஒன்பது வருடம் ஆகிறது. அவளைக் கூட்டி வந்து வெந்நீர் வைத்து ஊற்ற வேண்டும், பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுக்க வேண்டும், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். பதினோரு வருடமாக நான் வேறு எதையும் பெரிதாகக் கேட்டதில்லை. பழைய நூல் சேலைகளைக் கிழித்து, துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்து அடுக்கியாகிவிட்டது. அளக்க வருகிறவர் சொல்லும் ஒரு வார்த்தையில்தான் இனி எல்லாம் இருந்தது.

அடுத்த வாரம் மகள் கூப்பிட்டாள்.

“அம்மா, அந்த மேடம் செவ்வாய்க்கெழமை காலையில வாராங்க. நீ எதையும் மாத்தாத. எப்பவும் எப்படி இருக்குதோ அப்படியே இருக்கட்டும். வைஃபை ஓடட்டும். போன் எப்பவும் வெக்கற எடத்துலயே இருக்கட்டும். அப்பத்தான் அளவு சரியா வருமாம். நீ ஒண்ணுமே பண்ண வேண்டாம், கேட்டுதா?”

“கேட்டுது கண்ணு.”

கேட்டது உண்மை. ஆனால் அதை நான் எடுத்துக்கொண்ட விதம் வேறு.

விருந்தாளியை நாங்கள் ஒரம்பரை என்போம். ஒரம்பரை வருவதற்கு முன்னால் “ஒண்ணும் பண்ணாதீங்க, எப்பவும் போல இருங்க, சும்மா பாத்துட்டுப் போறோம்” என்று சொல்லாமல் யாரும் வந்ததில்லை. அப்படிச் சொன்னார்களே என்று சும்மா இருந்த வீட்டைப் பிறகு ஊரெல்லாம் சொல்லிக் காட்டுவார்கள். மகளைப் பெண் பார்க்க வந்தபோதும் அவர்கள் அதையேதான் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் மூன்று நாள் லீவு போட்டுச் சுண்ணாம்பு அடித்தார். ஓட்டை வாளியைக் கண்ணில் படாமல் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு அவர்கள் வீட்டு நாற்காலிகளை வாங்கி வந்து போட்டோம். எப்போதும் போல இருந்திருந்தால் அந்தச் சம்பந்தம் முடிந்தே இருக்காது என்று அவர் இருந்தவரைக்கும் நானும் அவரும் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

ஆகையால் செவ்வாய்க்கிழமை வரப்போகிறவர் என் மனதில் மிஷின்காரர் இல்லை. மாப்பிள்ளை வீட்டின் சார்பில் வீடு பார்க்க வருகிற ஒரம்பரை. அவர் கண்ணுக்கு ஆகாதது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது.

எது ஆகாது என்று எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். டவர் ஆகாது, அதை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. வைஃபை பொட்டியும் ஆகாது என்று மகள் ஒரு தடவை சொன்ன ஞாபகம். அது ஹாலில் டிவிக்கு மேலே இரண்டு கொம்போடு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளை மாட்டியது. மகள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு அது வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அந்த வீட்டுக்காரருக்கு டவுன்ஹால் பக்கம் பை தைத்து விற்கும் கடை. பழைய கோயமுத்தூர் முஸ்லிம் குடும்பம், இங்கே வந்து எட்டு வருடம் ஆகிறது. அந்த வீட்டு அம்மணிதான் எனக்கு ஆபத்து சம்பத்துக்கு. திங்கட்கிழமை சாயங்காலம் அவரிடம் போனேன்.

“ஏனுங்கம்மணி, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் உங்கூட்டு வைஃபை பொட்டியக் கொஞ்சம் அணைச்சு வெக்கறீங்களா?”

“எதுக்குங்கக்கா? எங்கூட்டுப் பொட்டி உங்களை என்ன பண்ணுது?”

“அளக்க வாராங்கல்லங்க. செவுத்தத் தாண்டி வருமாமா.”

“என்ற மாமியா பேச்சுந்தான் செவுத்தத் தாண்டி வருது. அதை அளக்கற மிஷின் இருந்தா மொதல்ல இங்க கூட்டியாங்க.” சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரீங்கக்கா, அணைச்சு வெக்கறேன். பொண்ணு வந்து சேந்தாப் போதும். ஆனா அவங்ககிட்ட சொல்லிருங்க, இப்படி அணைச்சு வெச்சிருக்குதுன்னு. என்ன இருந்தாலும் அளவு பாக்கற விசயம்” என்றார்.

“சொல்லிப்போடறேனுங்க” என்றேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வீட்டைக் கழுவினேன். வருகிறவருக்குக் கொடுக்க வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன். பொட்டியின் வயரைப் பிடுங்கி, துண்டில் சுற்றி, பீரோவில் சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினேன். அது இருந்த இடத்தில் வயர் மட்டும் நாக்கைத் தொங்கப் போட்டதுபோல் தொங்கியது. அதை மறைக்க, சமையல்கட்டில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்து வந்து மேலே மாட்டினேன். போனை எப்படி அணைப்பது என்று எனக்குத் தெரியாது. பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் விளக்கு அணையும், ஆனாலும் மணி அடிக்கும். எங்கே வைப்பது என்று யோசித்து, எவர்சில்வர் அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். எதுவும் தாண்டி வராது என்று நினைத்தேன்.

மேடம் ஒன்பதரை மணிக்கு ஸ்கூட்டரில் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பருத்திச் சேலை, தோளில் கனத்த பை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “ஏனுங்கம்மா, எனக்காக ஒண்ணும் சிரமப்படாதீங்க” என்றார். அதையும் எல்லா ஒரம்பரையும் சொல்வதுண்டு.

மகள் எந்தக் கட்டிலில் படுப்பாள், எந்தப் பக்கம் தலை வைப்பாள், பகலில் எங்கே உட்காருவாள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்று கால் ஸ்டாண்டை நிறுத்தி, அதன் உச்சியில் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளை உருண்டையைப் பொருத்தினார். ஒவ்வொரு இடத்திலும் மூன்று உயரம். ஒவ்வொரு உயரத்திலும் ஆறு நிமிடம். “சித்த தள்ளி நில்லுங்கம்மா, நம்ம உடம்பே குறுக்க நின்னு மறைக்கும்” என்றார். நான் கதவோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பெண்ணைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது பெண்ணைப் பெற்றவர்கள் நிற்பார்களே, அப்படி நின்றேன்.

ஜன்னலோரம் முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்கம்மா. டவர் மாடிக்கு மேல இருக்குது. அதுல இருந்து போறது நம்ம தலைக்கு மேலயே நேரா தூரத்துக்குப் போகுது. உங்க ஜன்னலுக்கு வர்றது நெம்பக் கம்மி. கவர்மெண்டு வெச்சிருக்கற அளவுல ஒரு மூலைக்குக் கூட வராது.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதே வாயைத் திறந்து மற்றதைச் சொல்லியிருக்கலாம். சந்தோசமாக இருந்த நேரம், சொன்னாலும் சிரித்திருப்பார்.

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “இனி ஊட்டுக்குள்ள இருக்கறது. வைஃபை எங்கீங்க வெச்சிருக்கீங்க?”

இருக்கிறது என்று சொன்னால் பீரோவைத் திறக்க வேண்டும். சேலைகளை விலக்கித் துண்டுக்குள் இருந்து அதை எடுக்க வேண்டும். களவெடுத்த பொருளை ஒளித்து வைத்தவள் எடுப்பதுபோல் இருக்கும். படித்தவர் முன்னால் அப்படி நிற்பதை நினைத்ததும் உடம்பு கூசியது.

“இல்லீங்க” என்றேன்.

“மொபைலுங்க?”

“அதும் இல்லீங்க.”

பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். “அப்பறம் மகள்கிட்ட எப்படிப் பேசுவீங்க?”

“பக்கத்தூட்டுப் போன்லீங்க.”

ஒரு நிமிடத்துக்குள் மூன்று பொய். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னேன். அவர் தாளில் எழுதிக்கொண்டார். கச்சாயம் இரண்டு சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, போகும்போது என் தோளைத் தொட்டு, “மகளை வரச் சொல்லுங்க” என்றார்.

அவர் ஸ்கூட்டர் சந்து திரும்பியதும் பொட்டியை எடுத்து மறுபடி மாட்டினேன். பக்கத்து வீட்டுக்குக் கச்சாயம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“சொல்லிட்டீங்களாக்கா?”

“ம்” என்றேன். அது நான்காவது.

மூன்று நாள் கழித்து மாப்பிள்ளை கூப்பிட்டார்.

“ஏனுங்க அத்தை, அந்த மேடம் நம்ம ஊட்டுக்குத்தானுங்களே வந்தாங்க?”

“ஆமாங் மாப்ள.”

“ரிப்போர்ட்டு வந்துச்சுங்க. வைஃபை இல்லை, மொபைல் இல்லைன்னு போட்டிருக்குது. வைஃபை நாந்தானுங்களே மாட்டிக் குடுத்தேன்? மொபைல்ல தான இப்ப நாம பேசறோம்?”

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். மகள் பக்கத்தில் இருந்து ஏதோ கேட்கும் சத்தம் வந்தது.

“ஒழுங்காப் பாக்காம எழுதியிருக்காங்க போல இருக்குதுங்க” என்றார் மாப்பிள்ளை. “வைஃபை, மொபைலையே பாக்காதவங்க டவரை மட்டும் எப்படி ஒழுங்கா அளந்திருப்பாங்க?”

“இல்லீங் மாப்ள, அவிய நல்லாத்தான் பாத்தாங்க. ஆறாறு நிமிசம் நின்னு...”

“உங்களுக்கு யாரையும் கொறை சொல்ல மனசு வராதுங்க அத்தை. நல்ல மனசு உங்களுக்கு. நான் கேட்டுக்கறேன் விடுங்க.”

போனை வைத்துவிட்டார். நல்ல மனசு என்ற அந்தச் சொல் நாள் முழுவதும் என் காதில் கிடந்தது. அன்றைக்கு உலை வைக்கவில்லை. மறுநாளும் சொல்லவில்லை, அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. போனை எடுப்பேன், மகள் பெயருக்கு நேராக விரலைக் கொண்டுபோவேன், திரும்ப வைத்துவிடுவேன். வேலியோரம் துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அம்மணி, “ஏனுங்கக்கா, மொகம் வாடிக் கெடக்குது? அளவு சரியில்லீங்களா?” என்று கேட்டார். அளவு சரிதான் என்றேன்.

ஐந்தாவது நாள் காலையில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. மகளோ என்னவோ என்று எடுத்துவிட்டேன்.

“வணக்கமுங்கம்மா. உங்கூட்டுக்கு அளக்க வந்த மேடம் பேசறேனுங்க. உங்க மாப்பிள்ளைதான் இந்த நம்பரைக் குடுத்தாரு.” கொஞ்சம் நிறுத்தினார். “இது பக்கத்தூட்டுப் போனுங்களா?”

குத்திக் காட்டும் குரல் இல்லை. உண்மையாகவே கேட்டார். அதனால்தான் என்னால் இன்னொரு பொய் சொல்ல முடியாமல் போனது.

“இல்லீங். இது என்றதுதானுங்.”

“அப்ப அன்னைக்கு எங்கீங்க இருந்துச்சு?”

“அரிசி டின்னுக்குள்ளங்க.”

 அந்தப் பக்கமிருந்து ஒரு பெருமூச்சோ சிரிப்போ வந்தது. “ஏனுங்கம்மா, டின்னுக்குள்ள போட்டு மூடுனா அது டவரைத் தேடிட்டு இன்னும் பலமாக் கத்துமுங்க. மேசை மேல வெச்சிருந்தீங்கன்னா கம்முனு கெடந்திருக்கும்.”

“வைஃபை பீரோவுக்குள்ள இருந்துச்சுங்க. பக்கத்தூட்டுதையும் அணைக்கச் சொல்லிப்போட்டேனுங்க.” ஒரே மூச்சில் சொன்னேன்.

இப்போது அவர் சிரிக்கவில்லை.

“உங்க மாப்பிள்ளை என்னைய என்ன கேட்டாருன்னு தெரியுங்களா? நேர்ல வந்தீங்களா, வராமயே எழுதிக் குடுத்தீங்களான்னு கேட்டாருங்க. நான் ஒரு அளவைக் கூட்டியோ கொறைச்சோ எழுதுனவ இல்லீங்கம்மா. நீங்க சொன்னதை நம்பி எழுதுனேன். பெரியவங்க பொய் சொல்லுவாங்கன்னு எனக்குத் தோணல.”

 என் வயதுக்கு என்னை யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் பேசியதில் ஒரு சொல்கூடத் தப்பாக இல்லை.

“நான் மறுபடி வந்து அளக்கறேனுங்க” என்றார். “சனிக்கெழமை உங்க மகளும் மாப்பிள்ளையும் காரமடைக்கு வர்றாங்களாமா, அப்படியே உங்கூட்டுக்கும் வாராங்க. அவங்க முன்னாலயே அளந்தர்றேன். நடந்ததை மாப்பிள்ளைகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?”

“நானே சொல்றேனுங்க.”

காரமடை மாப்பிள்ளையின் ஊர். அவருடைய அப்பா அம்மா அங்கேதான் தோட்டத்தில் இருக்கிறார்கள். சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கார் வந்தது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். முதல் வேலையாகப் பேக்கரி மாடியை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, மடித்து அடுக்கியிருந்த துணிகளைத் தடவி, “இத்தனை எதுக்கும்மா, ஒரு பட்டாளத்தையா பெக்கப் போறேன்?” என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து அப்போதுதான் கேட்டேன்.

கால் மணி நேரத்தில் மேடமும் வந்தார். மாப்பிள்ளை எழுந்து நிற்கவில்லை.

“வாங்க மேடம். இன்னைக்காவது எல்லாத்தையும் பாத்து எழுதீருங்க. வைஃபை அதோ இருக்குது. நீங்க பாக்காம உட்டது” என்றார்.

 மேடம் பையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவசரப்படுத்தாமல் பார்த்தபடி நின்றார். மகளும் அந்தப் பார்வையைப் பின்தொடர்ந்து என்னைப் பார்த்தாள்.

“மாப்ள” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “மாப்ள, அவிய பேர்ல தப்பு இல்லீங்க. நான்தானுங்க எடுத்து ஒளிச்சு வெச்சுப்போட்டேன். பொட்டியப் பீரோவுல வெச்சேன். போனை அரிசி டின்னுக்குள்ள போட்டேன். கேட்டாங்க, இல்லைன்னு சொல்லிப்போட்டேன்.”

மாப்பிள்ளை மகளைப் பார்த்தார். மகள் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“எதையும் மாத்தாதன்னு சொன்னேனேம்மா.”

“ஒரம்பரை வந்தா அப்படித்தான கண்ணு சொல்லுவாங்க...” என்று ஆரம்பித்தேன். அவள் வயிற்றுக்கு முன்னால் அந்தப் பேச்சு என் வாயிலேயே அசடாகப் போயிற்று. முடிக்கவில்லை.

மாப்பிள்ளை எழுந்து மேடத்துக்குக் கை கூப்பினார். “மன்னிச்சுருங்க மேடம். நான் பேசுனது தப்பு.” அவர் “பரவாயில்லீங்க, வேலையப் பாக்கலாம்” என்று ஸ்டாண்டை விரித்தார். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 

எல்லாம் ஓடியது. பொட்டி ஓடியது, பக்கத்து வீட்டுப் பொட்டி ஓடியது. மாப்பிள்ளையின் லேப்டாப்பில் ஒரு படம் ஓடியது. மகள் போனில் என்னைக் கூப்பிட, நான் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றேன். மேடம் உருண்டையைப் பொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாண் தூரத்தில் வைத்தபோது எண் ஏறியது. இரண்டடி தள்ளியதும் விழுந்தது. கட்டிலுக்குக் கொண்டுபோனபோது, முதல் தடவை எழுதியதற்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

“எல்லாத்தையும் சேத்தும் நெம்பக் கம்மிதானுங்க. எச்சுன்னு பாத்தா, காதோட ஒட்டி வெச்சுப் பேசற போன்தான், அதும் அளவுக்குள்ளதான். ஸ்பீக்கர்ல போட்டுத் தள்ளி வெச்சுப் பேசுனா அதுகூட இல்லை.” என் பக்கம் திரும்பினார். “ஒளிச்சு வெக்கற மாதிரி உங்கூட்ல ஒண்ணுமே இல்லீங்கம்மா.”

அதைக் கேட்டு நான் சந்தோசப்பட்டேன். அதைத்தான் இப்போது நினைத்தால் ரொம்பக் கூசுகிறது. நடந்ததெல்லாம் நடந்தும், அளவு சரியாக வந்துவிட்டதே, மகள் வந்துவிடுவாளே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மேடம் போனபிறகு மாப்பிள்ளை காருக்குப் போனார். நான் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அளவுதான் சரியா இருக்குதே கண்ணு.”

“இன்னைக்குச் சரியா இருக்குது” என்றாள். “சரியில்லாம இருந்திருந்தா? வைஃபை ஒண்ணுதான் ஆகாததா இருந்திருந்தா? நீ மறைச்சது எனக்குத் தெரிஞ்சிருக்காது. அந்தத் தாளை நம்பி நான் வந்து இந்தக் கட்டல்ல படுத்திருப்பேன். பொட்டி அங்க ஓடிட்டு இருந்திருக்கும். நீயும் எம்பக்கத்துல உக்காந்து வெந்நி ஊத்திட்டு இருந்திருப்ப.”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கிறவள்போல் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

 வெட்கம் என்று அதுவரை நான் நினைத்திருந்ததெல்லாம் படித்தவர் முன்னால் பீரோவைத் திறப்பது, மாப்பிள்ளை முன்னால் வாயைத் திறப்பது. பொட்டியைத் துண்டில் சுற்றும்போது அவள் வருவாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றில் இருப்பதை நினைக்கவே இல்லை. அது கெடுதல்தான் என்றால் அன்றைக்கு மேடம் போன கையோடு அதை நானே மறுபடி மாட்டிவிட்டேன். கெடுதல் இருக்கிறதா இல்லையா என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவளைத் தெரிந்துகொள்ளவும் நான் விடவில்லை. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவளுக்கு நான் செய்தது அதுதான்.

“காரமடையிலயே இருந்துக்கறேம்மா” என்றாள். “கோவிச்சுட்டுச் சொல்லல. எனக்குப் பயமில்லாம இருக்கோணும், அவ்வளவுதான்.”

வளைகாப்பு காரமடையில் நடந்தது. அங்கே சம்பந்தியம்மா நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஏனுங்க சம்பந்தி, எங்க பெத்தா என்னங்க, நீங்களும் வந்து எங்களோட இருந்துக்கங்க. இதும் உங்கூடுதானுங்க” என்றார். அத்தனை ‘ங்க’வும் மரியாதைதான், ஒவ்வொன்றும் எனக்குச் சுட்டது. அவர்கள் தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கமும் ஒரு டவர் இருக்கிறது. மகளிடம் அதை அளக்கவில்லையா என்று கேட்கலாமென்று இருந்தது. கேட்கும் தகுதி எனக்கு இல்லை. பிறகு அவளே சொன்னாள். மாமனார் முதல் நாளே அவளை அழைத்துப் போய்த் தூரத்தைக் காட்டி, வீட்டில் எத்தனை போன், பொட்டி எங்கே, எப்போது ஓடும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். “அது போதும்மா” என்றாள்.

பெண் குழந்தை பிறந்தது. இரண்டரைக் கிலோ, நல்ல குரல். நான் மதுக்கரை வீட்டைப் பூட்டிக்கொண்டு காரமடைக்குப் போனேன். ஒரம்பரையாகப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். எந்த டப்பாவில் மிளகு இருக்கிறது என்று சம்பந்தியம்மாவைக் கேட்டுக் கேட்டுக் குழம்பு வைத்தேன். குழந்தையைக் குளிப்பாட்ட அவர்களே என்னிடம் கொடுத்தார்கள். அந்த வகையில் அவர்கள் பெரிய மனது உள்ளவர்கள்.

எட்டாம் நாள் காலை, குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டிப் படுக்க வைத்த பிறகு, குழந்தை பால் குடிக்காமல் சிணுங்கியது. மகள் பயந்துவிட்டாள்.

“அம்மா, ஒடம்பு சுடுதா பாரு.”

நெற்றியில் புறங்கையை வைத்தேன். கழுத்தடியில் வைத்தேன். பாதத்தைத் தொட்டேன். வெந்நீர்ச் சூடுதான், காய்ச்சல் இல்லை.

“ஒண்ணுமில்ல கண்ணு. நல்லாத்தான் இருக்குது.”

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். “செரிம்மா” என்றாள். அப்புறம் தலையணைக்கு அடியில் கையை விட்டு தெர்மாமீட்டரை எடுத்து, குழந்தையின் அக்குளில் வைத்து, கையை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அது சத்தம் கொடுக்கும் வரைக்கும் இரண்டு பேரும் காத்திருந்தோம். எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். நான் சொன்னதுபோலத்தான் இருந்திருக்கும், முகம் தெளிந்தது. என்னிடம் காட்டவில்லை. நானும் எவ்வளவு என்று கேட்கவில்லை.